தூது சொன்னவனுக்கு உப்புத் தண்ணீர்

"…ரெண்டு காலுக்கும் ரெண்டு விதமான சப்பாத்து ஏன் எண்டு அந்த மனுசன் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்லுறது? என்ர மனுசன் ஊரிலையிருந்து ஆசைப்பட்டுக் கொண்டுவந்த விளக்குமாறு எண்டோ?"

சாரதிப் பரீட்சை முடிந்து, ஓட்டப் பள்ளியின் காரிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டு என்னை நோக்கி வரும்போது என் மனைவி சொன்னது இது. நான் எங்கள் பழைய காரின் சாரதி ஆசனத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தேன். அவள் தூரத்திலேயே பேசத் தொடங்கியிருக்க வேண்டும். முற்பாதி காற்றோடு போய் பிற்பாதிதான் என் காதில் விழுந்தது. அந்த மனுசன் என்றது பரீட்சகரை. அவளுடைய முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் சித்தியா தவறா என்று தெரிந்திருக்கும். ஆனால் என் வலது கண் சிவந்து வீங்கி முக்கால்வாசி மூடியிருந்தது. மற்றக் கண் அதற்குத் துணையாக அழுதுகொண்டிருந்தது. இப்படியான கண்ணோடு ஒருவன் பெண்சாதியின் முகத்தை வாசிக்க ஏலாது.

கண்ணுக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முதல் விளக்குமாற்றைச் சொல்ல வேண்டும்.

போர் ஓய்ந்து வடக்குக்குப் பாதை திறந்திருந்த சமாதான காலத்தில் நான் யாழ்ப்பாணம் போய் வந்தேன். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற டோர்ட்மண்டிலிருந்து அந்த வருடம் எல்லாரும் போனார்கள். போனவர்கள் ஒடியல் கொண்டுவந்தார்கள், மிளகாய்த்தூள் கொண்டுவந்தார்கள், ஒருவர் அம்மிக்குழவியே கொண்டுவந்து விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக் களைத்தார். நான் கொண்டுவந்தது ஈர்க்கு விளக்குமாறு. ஜெர்மன்காரனின் தும்புத்தடி கூட்டுகிறதே தவிர, கூட்டுகிற சத்தம் வருவதில்லை. சத்தம் வராவிட்டால் கூட்டின திருப்தி எங்கே வரும்? இதை நான் கோயில் அன்னதான மண்டபத்தில் பல பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். எல்லாரும் "ஓம் அண்ணை, அது உண்மைதான்" என்று தலையாட்டினார்கள். ஒருவரும் தங்களுக்கும் ஒன்று கொண்டுவரச் சொல்லவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மனைவி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "நீங்கள் ஒண்டும் கொண்டுவர வேண்டாம். உங்களை மட்டும் கொண்டுவாங்கோ." நான் என்னையும் கொண்டுவந்து விளக்குமாற்றையும் கொண்டுவந்தேன். விமான நிலையத்துச் சுங்க அதிகாரி அதைப் பையிலிருந்து வெளியே இழுத்து, முகர்ந்து பார்த்து, இது சமயச் சடங்குக்கா என்று கேட்டார். "ஒரு வகையில்" என்றேன். உள்ளே இருந்த பயணி அவருடைய மூக்கைத் தப்ப விட்டது அவர் செய்த புண்ணியம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் கட்டளை: "பால்கனியிலை கொண்டுபோய் நல்லாத் தட்டிப்போட்டு உள்ளுக்குக் கொண்டுவாங்கோ." நானும் பால்கனிக்குப் போனேன். வெளியே குளிர். ஊர் வெயிலிலிருந்து வந்த உடம்பு. ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்து, வீட்டுக்குள் நடைபாதையில் சப்பாத்து அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன். அந்த ஒரு தட்டு, உள்ளே நித்திரையாக இருந்தவரை எழுப்பிவிடுவதற்குத்தான் உதவியது.

இனி மனைவியின் பரீட்சை. அவள் முதியோரைப் பராமரிக்கும் படிப்பை முடித்திருந்தாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிட்டு வருகிற ஒரு நிறுவனத்தில் வேலை ஏற்பாடாகியிருந்தது. காலமை ஆறு மணிக்கே அவர்களுடைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். அதனால் லைசென்ஸ் இல்லாமல் ஆளை எடுக்க மாட்டார்கள். மாத முதலாம் திகதிக்குள் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளோ ஏற்கெனவே இரண்டு தரம் தவறியிருந்தாள். முதல் தரம், வழி தனக்குரியது என்று தெரிந்தும் எல்லாக் கார்களையும் "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று கையைக் காட்டி அனுப்பினாள். பந்தியில் கடைசியாக இருந்து சாப்பிடுகிற பழக்கம் சந்தியிலும் வந்துவிட்டது. இரண்டாம் தரம், ஆட்டோபான் நெடுஞ்சாலைக்குள் ஏறுகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டாள். மூன்றாம் தரமும் தவறினால் பல மாதங்கள் பொறுத்துத்தான் மறுபடி கேட்கலாம். அதற்குள் அந்த வேலையில் வேறு யாரோ இருப்பார்கள். அவள் இருபது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, மற்றவர்களுடைய அலுவலகங்களைத் துடைத்துத் துடைத்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு டொச் மொழி படித்து, பிறகு இந்தப் படிப்பைப் படித்தவள். முதல் முதலாகத் தன் பேரில் ஒரு வேலை.

மூன்றாம் பரீட்சை பிற்பகல் இரண்டு மணிக்கு. அன்று காலமை விடியமுன்னம் அவள் எழும்பி நடைபாதையில் குசினிக் கதிரையைப் போட்டாள். கையில் ஒரு பெரிய பானை மூடி, அதுதான் ஸ்டியரிங். பக்கத்து முக்காலியில் இருந்த பூச்செடித் தொட்டிக்குள் குத்தி நிறுத்திய அகப்பை, அதுதான் கியர். நான் பரீட்சகர். "வலப்பக்கம் திரும்பும்" என்பேன். அவள் மூடியைத் திருப்புவாள். ஓட்டுகிற சப்பாத்தையே போட்டுப் பழக வேண்டும் என்று ஓட்டப் பள்ளி வாத்தியார் சொல்லியிருந்ததால், சப்பாத்துத் தட்டிலிருந்து தன் சோடியை எடுத்து வலது காலை மாட்டினாள். பிறகு இடது காலை மாட்டினாள்.

அவள் கத்தவில்லை. பல்லுக்குள்ளால் ஒரு மூச்சு இழுத்தாள். "இஞ்சருங்கோ, சப்பாத்துக்குள்ளை என்னவோ இருக்கு."

"ஒரு சின்னக் கல்லாயிருக்கும்" என்றேன், பரீட்சகரான நான்.

சப்பாத்தை உதறினாள். கல் விழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு, சுவரோரமாக நடந்தது. வைக்கோல் நிறம். பெருவிரல் நீளம்கூட இல்லை.

நான் என்ன செய்தேன் என்பதை மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுவாள். அகப்பை நின்ற பூந்தொட்டி முக்காலியில் நான் எப்படி ஏறினேன் என்பது எனக்கே தெரியாது. ஏறி நின்றுகொண்டு, "அசையாதையும், அசையாதையும், அது பயந்திட்டுது" என்று சொன்னேனாம். கொட்டு வாங்கியவள் ஒற்றைக் காலில் குசினிக்குப் போய், ஒரு வெறும் ஜாம் போத்தலை எடுத்துவந்து, தேளுக்கு மேல் கவிழ்த்தாள். போக்குவரத்து விதிப் புத்தகத்தை அடியில் செருகினாள். நிமிர்த்தி மூடியைப் பூட்டினாள். பிறகு கதிரையில் இருந்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப இறங்குங்கோ" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சப்பாத்தை நிலத்தில் தட்டாமல் ஒருவரும் காலில் போடுவதில்லை. கீழ்வீட்டு அம்மா ஒரு தரம் படிக்கட்டில் மறித்து, தினமும் காலமை உங்கள் வீட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள், வீடு கட்டி முடிந்ததா என்று கேட்டார். தேள் என்றேன். கொஞ்ச நாளில் அவருடைய வீட்டிலும் அந்தத் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

தேள்கடி விஷயத்தில் நான் பெரிய அறிவாளி என்று டோர்ட்மண்டில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். ஊரில் சின்ன வயதில் விறகு எடுக்கப்போய் ஒரு தரம் கொட்டு வாங்கியிருந்தேன். என் சத்தத்துக்கு ஒழுங்கை முழுதும் கூடியது. வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "விஷம் எவடம் மட்டும் ஏறிட்டுது?" கடுப்பு உண்மையில் கைவிரலில்தான் இருந்தது. ஆனால் புதிதாக வந்த மனிசருக்குப் பழைய பதிலைச் சொன்னால் அது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. முதல் வந்த மாமிக்கு மணிக்கட்டைக் காட்டினேன். அடுத்த வீட்டு அண்ணைக்கு முழங்கை. கடைக்காரருக்குத் தோள்மூட்டு. கழுத்தைக் காட்டியபோது சைக்கிள் பாரில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு விஷகடி வைத்தியரான என் பெரியப்பாவிடம் ஓடினார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு விஷம் வாயிலை" என்றார். இந்த அனுபவத்தைக் கொண்டுதான் நான் அன்னதான மண்டபத்தில் பேசுவது. அங்கே கழுத்தோடு நிற்காமல் உச்சந்தலை மட்டும் ஏற்றிவிடுவேன்.

மனைவியின் கால் இப்போது விண் விண் என்று கடுத்தது. அடிப்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு சின்னச் சிவப்பு. "நெருப்புக் கொள்ளியை வைச்சுத் திருகிற மாதிரி இருக்கு" என்றாள்.

"எவடம் மட்டும் ஏறிட்டுது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் போனை எடுத்தேன்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் பேசுவதென்றால் தொலைபேசி அட்டை வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நீள இலக்கத்தை அமத்த வேண்டும். ஒரு பெண் குரல் எத்தனை நிமிடம் மிச்சம் என்று சொல்லும். நான் வீட்டுப் போனில் அதை அமத்திக்கொண்டிருக்க, மனைவி என்னுடைய கைத்தொலைபேசியை எடுத்து, மருந்துக்கடைக் கலண்டரில் போட்டிருந்த நஞ்சு உதவி இலக்கத்துக்கு அடித்தாள். நடைபாதையின் ஒரு அந்தத்தில் டொச், மறு அந்தத்தில் யாழ்ப்பாணம்.

பெரியப்பா எடுத்தார். "ஆர் பேசுறது?"

"நான்தான் பெரியப்பா, ஜெர்மனியிலையிருந்து. தேள் கொட்டிப்போட்டுது."

"ஜெர்மனியிலை தேளோ? அங்கை பனி எண்டல்லோ சொன்னனி."

"இது எங்கடை தேள் பெரியப்பா. விளக்குமாத்துக்குள்ளை வந்தது."

"அப்ப சரி" என்றார். ஊர்த் தேள் என்றதும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது போலிருந்தது. "நீ முதல் சொன்ன சொல் 'நான்தான்' எண்டது. தூது சொல்ல வந்தவன் வாயிலை முதல் அப்பிடி வந்தா ஆளுக்குப் பயமில்லை. இப்ப சொல்லு, எந்தப் பக்கம் பாத்து நிக்கிறாய்?"

விஷகடி வைத்தியத்தில் இது ஒரு முறை. கடிபட்டவரைப் பார்ப்பதற்கு முதல், செய்தி கொண்டுவந்தவனைப் பார்ப்பார்கள். அவன் எந்தத் திசையைப் பார்த்து நின்றான், எந்தக் கையால் எதைத் தொட்டான், என்ன சொல்லோடு வாயைத் திறந்தான் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கு. பெரியப்பாவுக்கு முன்னால் நான் இல்லையென்றாலும் தூது தூதுதானே.

"சுவரைப் பாத்து நிக்கிறன்" என்றேன்.

"திசையைக் கேட்டனான்."

பதினைந்து வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், கிழக்கு எது என்று அன்றுவரைக்கும் எனக்குத் தேவைப்படவில்லை. ஜன்னலால் பார்த்தேன். இருட்டு. ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று தெரியும், ஆனால் சூரியன் ரயிலில் வருவதில்லை. "இஞ்சரும், கிழக்கு எது?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் போனைக் கையால் பொத்தினாள். "நான் இஞ்சை நாடித் துடிப்பு எண்ணிக்கொண்டிருக்கிறன். நீங்கள் கிழக்குத் தேடுறியள்."

"கிழக்குத்தான் பெரியப்பா" என்று துணிந்து சொன்னேன்.

"நல்லது. எந்தக் காலிலை கொட்டினது?"

"இடது."

"அப்ப வலது கண். உப்பைக் கரைச்சு மூண்டு துளி விடு."

"அவவின்ர கண்ணிலையோ?"

"சீ. நீயல்லோ தூது. ஆள் எனக்கு முன்னாலை இல்லாட்டி தூது வந்தவனுக்குத்தான் செய்யிறது. உனக்குச் செய்தா அங்கை இறங்கும்."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கு அந்த நேரம் பட்டது. விளக்குமாற்றைக் கொண்டுவந்தது நான். அவளுடைய காலுக்குப் பதிலாக என் கண் என்றால் அது குறைந்த தண்டனைதான். குசினிக்கு ஓடினேன். எவ்வளவு உப்பு என்று கேட்க மறந்துவிட்டேன். சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறவன் நான், கை தன் பழக்கத்தில் ஒரு பெரிய அண்டா ரசத்துக்குப் போடுகிற அளவை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் போட்டது. தலையை அண்ணாந்து முதல் துளியை விட்டேன்.

இரண்டாம் துளிக்கு அவசியம் வரவில்லை. நான் குசினியைச் சுற்றி ஓடி, நடைபாதைக்கு வந்து, சுவரில் முட்டி, போனை எடுத்து, "விட்டிட்டன் பெரியப்பா, விட்டிட்டன்" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள் அட்டைப் பெண் குறுக்கே வந்து, உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று இனிமையாகச் சொல்லிவிட்டுத் தொடர்பை வெட்டினாள்.

மற்ற அந்தத்தில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். வலியிலும் கண்ணீரிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நஞ்சு உதவிப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. "இந்தச் சிரிப்பு எப்போது தொடங்கியது? உங்களால் அதை நிறுத்த முடிகிறதா?" என்று கேட்டாளாம். தன் புருசனால்தான் என்று மனைவி சொன்னதை அவள் எழுதிக்கொண்டாளோ தெரியாது. தேளின் கொடுக்கு மெலிசா தடிப்பா, வால் எப்படி, நெஞ்சு படபடக்கிறதா, வியர்க்கிறதா, வாந்தி வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, காலைக் கழுவிக் குளிரவைத்து, தாமதிக்காமல் வைத்தியரிடம் போகச் சொன்னாள்.

எங்கள் குடும்ப வைத்தியர் இரண்டு தெரு தள்ளி. கதவு திறக்கிற நேரத்துக்கே நாங்கள் போய் நின்றோம். மனைவி உறைந்த பட்டாணிப் பையைக் காலில் கட்டியிருந்தாள். நான் போத்தலைப் பிடித்திருந்தேன். வைத்தியர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார், நேரே என்னிடம் வந்து, கண்ணிமையைத் தூக்கி, "இங்கேயா கொட்டியது?" என்று கேட்டார்.

இல்லை, இது மருந்து என்றேன்.

அவர் என் கண்ணைக் கழுவச் சொல்லித் தாதியிடம் தள்ளிவிட்டு, மனைவியை உள்ளே கொண்டுபோனார். அவர் அதுவரைக்கும் புத்தகத்தில்தான் தேள்கடி படித்திருந்தார். நஞ்சு உதவிக்குத் தானும் எடுத்துப் பேசினார். மதியம்வரைக்கும் பக்கத்து அறையில் படுக்கவைத்து, கொஞ்சத்துக்கொரு தரம் இரத்த அழுத்தம் பார்த்தார். அதற்கிடையில் போத்தல் வரவேற்பு மேசையில் இருந்தது. தடிமன் என்று வந்தவர்கள், முதுகுப் பிடிப்பு என்று வந்தவர்கள் எல்லாம் எழும்பி வந்து ஸ்ட்ரோபெரிப் படம் ஒட்டிய போத்தலைச் சுற்றி நின்றார்கள். நான் ஒற்றைக் கண்ணோடு விளக்கம் கொடுத்தேன். பேசத் தெரிந்தவனுக்கு வேறென்ன வேலை. ஒரு கிழவர், உங்கள் நாட்டில் இதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "போன் எடுப்போம்" என்றேன். மிகவும் நவீனமான நாடு என்று தலையாட்டினார்.

வரவேற்பில் இருந்த பெண் மிருகக்காட்சிசாலைக்குப் பேசினாள். அவர்கள் அன்றைக்கே ஆளனுப்பி அதை எடுத்துப் போனார்கள். நானும் மனைவியும் இந்த நாட்டில் இருக்கலாம் என்று ஒரு கடதாசி வருவதற்குக் காத்திருந்த வருடங்கள் எனக்கு நினைவு வந்தன. தேளுக்கு ஒரே நாளில் முடிந்துவிட்டது. சூடான அறை, சொந்த மின்விளக்கு, நேரத்துக்குச் சாப்பாடு. ஒருவரும் அதைப் பார்த்து, ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயர் வந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் வைத்தியர் வந்து, விஷம் காலோடு நின்றுவிட்டது, பயமில்லை என்றார். கடுப்பும் வீக்கமும் நாளைக்கும் இருக்கும், வீட்டுக்குப் போய்க் காலை உயர்த்தி வைத்துப் படுக்கலாம்.

"எனக்கு இரண்டு மணிக்கு ஒரு டெர்மின் இருக்கு" என்றாள் மனைவி, டொச்சில்.

என்ன சந்திப்பு என்று கேட்டார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்றார். அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று அவள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். அது முதலாம் திகதிக்கு அங்காலை. மனைவி என் பக்கம் திரும்பித் தமிழில் மெல்லச் சொன்னாள்: "நான் படுக்கப் போறதில்லை. நீங்கள் ஒண்டும் கதைக்காதையுங்கோ." நான் கதைக்கவில்லை. அது எவ்வளவு கடினம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வைத்தியர், தான் தந்த மருந்தில் நித்திரை வராது, ஓட்டத் தடையில்லை, ஆனால் கிளட்சை முழுதாக மிதிக்க முடியாத காலோடு அனுப்ப மாட்டேன் என்றார். சில்லுப் பூட்டிய தன் முக்காலியில் இருந்து அவளுக்கு முன்னால் வந்து, உள்ளங்கையை நீட்டி, "மிதியுங்கள்" என்றார்.

அவள் மிதித்தாள். முக்காலி வைத்தியரையும் கொண்டு பின்னால் உருண்டு போய் மருந்து அலுமாரியில் முட்டி நின்றது.

"போகலாம்" என்றார் வைத்தியர், அங்கிருந்தே. "ஆனால் வலி கூடினால் காரை ஓரமாக நிறுத்த வேண்டும். பரீட்சை போனாலும் பரவாயில்லை."

சப்பாத்துத்தான் பிரச்சினை. வீங்கின கால் அவளுடைய இடது சப்பாத்துக்குள் போகவில்லை. செருப்போடு போனால் பரீட்சகர் சம்மதிக்க மாட்டார். வைத்தியருடைய வாசலிலேயே நான் என் இடது சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கறுப்பு, வேலைக்குப் போடுகிறது, குசினி எண்ணெய் மணம். அவள் அதை வாங்கி, படியில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே பார்த்து, மாட்டினாள். வலது காலில் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து. நான் ஒரு காலில் காலுறையோடு காரை ஓட்டினேன். அதுவும் ஒற்றைக் கண்ணோடு. பரீட்சை நடக்கிற இடத்துக்குப் போகிற வழியில் நான் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தரமும் அவள் தன் இடது காலைக் காற்றில் அமத்திக்கொண்டு வந்தாள்.

ஓட்டப் பள்ளி வாத்தியாருக்கு விசயத்தைச் சொன்னோம். அவர் வைத்தியர் விட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு, பரீட்சகர் கேட்காவிட்டால் நீயாகச் சொல்லப் போகாதே, மூன்றாம் தரம் வருகிறவர்கள் சொல்லுகிற எல்லாக் கதையையும் அவர் கேட்டிருக்கிறார், இதையும் அதோடு சேர்த்துவிடுவார் என்றார். பரீட்சகர் வந்தார். உயர்ந்த, சிரிக்காத மனிதர். என் கார் ஜன்னலைக் கடந்து போகும்போது, கண்ணீர் வடிய இருக்கிற என்னைப் பார்த்து நின்றார். குனிந்து, என் தோளைத் தட்டி, "நீங்கள் அவ்வளவு கவலைப்படாதீர்கள். உங்கள் மனைவி தைரியமானவரைப் போல இருக்கிறார்" என்றார். நான் இது உப்பு என்று விளக்க வாயைத் திறந்தேன், மனைவி வாத்தியாரின் காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

கார் போய் மறைந்தது. முக்கால் மணித்தியாலம் நான் அங்கேயே இருந்தேன். ஒருவரும் பேசுவதற்கு இல்லாமல் நான் இவ்வளவு நேரம் இருந்தது அகதி முகாமில்கூட இல்லை. அவள் தவறினால் என்ன சொல்வது என்று சொற்களைத் தேடிப் பார்த்தேன். மற்றவர்கள் சொல்லுகிற நல்ல நல்ல வசனங்களை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறவன் நான். எந்தச் சாவீட்டிலும், எந்தக் கலியாண வீட்டிலும், ஒரு சொல் எடுத்துப் போடுவேன். அன்றைக்கு, "நான் கொண்டுவந்த விளக்குமாற்றால் உமக்கு வேலை போயிற்று" என்பதற்குப் பிறகு சொல்லக்கூடியதாக ஒரு வசனமும் என்னிடம் இருக்கவில்லை. அவள் முதல் மாதச் சம்பளத்தில் என்ன செய்வாள் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை. கிழக்கு எது என்று கேட்டேன், எவடம் மட்டும் ஏறிட்டுது என்று கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

பிறகு வாத்தியாரின் கார் திரும்பி வந்து அங்காலை நின்றது. உள்ளே மூன்று தலைகள் அசையாமல் இருந்தன. பரீட்சகர் என்னவோ சொன்னார். மனைவி குனிந்தாள். கதவு திறந்தது. அவள் இறங்கி, ஒரு வெள்ளைக் காலும் ஒரு கறுப்புக் காலுமாக, நொண்டிக்கொண்டு பேசிக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். சப்பாத்தைப் பற்றி அந்த மனுசன் கேட்டதைச் சொன்னாள். விளக்குமாறு எண்டோ என்று கேட்டாள்.

"நீர் என்ன சொன்னனீர்?" என்றேன்.

"இது என்ர மனுசன்ரை சப்பாத்து, அவருக்கு இண்டைக்கு அது தேவையில்லை எண்டு சொன்னன்."

"அதுக்கு அவர்?"

அவள் எங்கள் காரின் முன்பக்கத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் சப்பாத்தைக் கழற்றினாள். தெருவோரக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். பிறகு நான் இருந்த பக்கத்துக் கதவைத் திறந்து, தன் படம் போட்டுப் புதிதாக அச்சடித்த ஒரு சின்ன அட்டையைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு, நான் மற்றப் பக்கத்துக்குத் தள்ளி உட்காரும்வரைக்கும் நின்றாள். ஏறி இருந்தாள். சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, என் சப்பாத்தால் கிளட்சை மிதித்தாள்.